குளத்தைச் சேவ் செய்தால் மடை ஏன் அநாதையாக நிற்கிறது? ஸ்பிரிங் பூட்டில் உறவுள்ள டேபிள்களைச் சேமிப்பது பற்றி

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பதிவு செய்ய நண்பர்களோடு சேர்ந்து ஸ்பிரிங் பூட்டில் (ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு வலைச் செயலி எழுதுகிறாராம். குளத்தையும் அதன் மடைகளையும் ஒரே படிவத்தில் நிரப்பிச் சேவ் கொடுத்தால் மடை டேபிளில் குளம்_ஐடி காலியாக இருக்கிறது. சில நேரம் 'இன்னும் சேமிக்காத ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது' என்று எர்ரர் வருகிறது. பழைய குளத்தைத் திருத்திச் சேவ் செய்தால் மூன்று மடை ஆறாகிவிடுகிறது. "எல்லா இடத்திலும் கேஸ்கேட் ஆல் போட்டுப் பார்த்துட்டேன் அண்ணாச்சி, ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெடுது" என்று எழுதி, டேபிள் டிசைனையும் ஜாவா நிரலையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, நீங்கள் எடுத்திருக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எல்லா இடத்திலும் போட்ட கேஸ்கேட் ஆலை எடுத்துவிடுங்கள். ஒரு ஆப்ஜெக்டைச் சேமித்தாலும் அழித்தாலும் அதோடு உறவுள்ளதற்கும் அதையே செய் என்ற கட்டளை அது. பிறகு கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். கோடைமேலழகியானில் வடக்கு தெற்கு என்று இரண்டு, மருதூரில் மேலக்கால் கீழக்கால் என்று இரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் வடகால் தென்கால் என்று இரண்டு. மற்ற ஐந்து அணைகளில் ஒவ்வொன்று. நதியுண்ணிக்கும் கன்னடியனுக்கும் அவற்றின் பெயரிலேயே கால்வாய் உண்டு. அரியநாயகிபுரத்தில் கோடகன், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் திருநெல்வேலிக் கால்வாய். டவுன் நயினார்குளத்துக்கு வரும் தண்ணீர் இந்தக் கடைசிக் கால்வாயில்தான் வருகிறது. அணை, கால்வாய், குளம், மடை என்று நான்கு கட்டம் போட்டுக் கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள். இந்த உறவின் பத்திரம் யார் கையில் இருக்கிறது? ஒருவர் போனால் மற்றவர் இருப்பாரா? உங்கள் மூன்று தொல்லைகளும் இந்த இரண்டு கேள்விக்கு விடை எழுதாமல் விட்டதால் வந்தவைதான்.

பத்திரம் என்று நான் சொல்வது ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் எந்த வரியைச் சேர்ந்தது என்று காட்டும் ஐடி. குளத்துக்கும் மடைக்கும் உள்ள உறவு டேட்டாபேஸில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது: மடை டேபிளின் குளம்_ஐடி காலத்தில் (column, அதாவது நெடுவரிசை). குளம் டேபிளில் மடை பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனால் ஜாவாவில் குளம் கிளாஸுக்குள் மடைகளின் பட்டியல் இருக்கிறது, மடைக்குள் குளம் என்ற சுட்டியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமம் மாதிரித் தோன்றும். ஜாவா ஆப்ஜெக்டுகளை டேபிளில் எழுதித் தரும் ஹைபர்நேட்டுக்கு அவை சமம் கிடையாது. மேப்டு-பை ('பத்திரம் மறுபக்கத்தில் இருக்கிறது' என்ற குறிப்பு) என்று எழுதிய பக்கம் வெறும் கண்ணாடி. சேவ் ஆகும் நேரத்தில் ஹைபர்நேட் பத்திரம் உள்ள பக்கத்தை மட்டும் பார்க்கும். நீங்கள் குளத்தின் பட்டியலில் மடையைச் சேர்த்தீர்கள், மடையிடம் 'உன் குளம் இதுதான்' என்று சொல்லவில்லை. கேஸ்கேட் இருந்ததால் மடை சேமிக்கப்பட்டது, சுட்டி காலியாக இருந்ததால் குளம்_ஐடியும் காலியாகப் போனது. ஹைபர்நேட் தப்புச் செய்யவில்லை.

இதற்கு மருந்து சின்னது. குளம் கிளாஸுக்குள் 'மடைசேர்' என்று ஒரு மெதட் எழுதுங்கள். இரண்டே வரி: பட்டியலில் மடையைச் சேர், மடையின் குளமாக இந்தக் குளத்தை வை. அதேபோல் 'மடைநீக்கு': பட்டியலிலிருந்து எடு, மடையின் குளத்தைக் காலியாக்கு. அப்புறம் பட்டியலை வெளியே கொடுக்கும் கெட்டரில் மாற்ற முடியாத நகலைக் கொடுங்கள். உங்கள் நண்பர்களில் யாராவது அவசரத்தில் நேராகப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தால் அங்கேயே தடுக்கும். கூடவே மடை டேபிளில் குளம்_ஐடிக்கு நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது) போட்டுவிடுங்கள். குளம் இல்லாத மடை என்று ஊரில் எதுவும் கிடையாது, டேபிளிலும் இருக்க வேண்டாம்.

மேப்டு-பையே எழுதாமல் வெறும் ஒன்-டு-மெனி (ஒரு குளத்துக்குப் பல மடை என்ற குறிப்பு) போட்டால் ஹைபர்நேட் தானாகவே நடுவில் மூன்றாவதாக ஒரு டேபிளை உருவாக்கிக்கொள்ளும். பலர் அதைப் பார்த்து மிரண்டிருக்கிறார்கள். ஒன்-டு-மெனி பக்கத்திலேயே ஜாயின் காலம் (ஃபாரின் கீ உள்ள காலத்தின் பெயர்) போட்டால் வேறு ஒன்று நடக்கும். மடையை முதலில் குளம்_ஐடி இல்லாமல் இன்செர்ட் செய்துவிட்டு, பிறகு தனியாக ஓர் அப்டேட் போடும். மூன்று மடைக்கு ஆறு வேலை. இரு பக்க உறவு, மெனி-டு-ஒன் (அதாவது மடையின்) பக்கம் பத்திரம், மறுபக்கம் மேப்டு-பை: உங்கள் குளத்துக்கு இதுவே போதும்.

அடுத்தது அந்த 'சேமிக்காத ஆப்ஜெக்ட்' எர்ரர். இது மடையால் வந்ததில்லை, கால்வாயால் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். படிவத்தில் கால்வாயைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கிறீர்கள். சர்வருக்கு வந்ததும் அதை வைத்துப் புதிதாக ஒரு கால்வாய் ஆப்ஜெக்ட் உருவாக்கி, பெயரை மட்டும் நிரப்பி, குளத்தோடு ஒட்டிவிட்டீர்கள். 'கோடகன் கால்வாய் என்று ஒன்றைக் காட்டுகிறாய், அப்படி ஒன்று என் கணக்கில் இல்லையே' என்று ஹைபர்நேட் நிற்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் கேஸ்கேட் ஆல் போட்டு வாயை அடைப்பார்கள். எர்ரர் போய்விடும். ஆனால் ஒவ்வொரு குளம் பதியும்போதும் கால்வாய் டேபிளில் புதிதாக ஒரு கோடகன் பிறக்கும். நூறு குளம் பதிந்த பிறகு 'கோடகனில் எத்தனை குளம்?' என்று கேட்டால் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று விடை வரும். பதிவேடு வைத்தும் பயனில்லாமல் போகும்.

கால்வாய் ஏற்கனவே இருக்கிறது, அதைத் தேடி எடுத்து ஒட்டினால் போதும். படிவத்திலிருந்து கால்வாயின் ஐடி மட்டும் வரட்டும். டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தரும் ரெப்போசிட்டரியில் கெட்-ரெஃபரன்ஸ்-பை-ஐடி என்று ஒரு மெதட் இருக்கிறது. அது டேட்டாபேஸைத் தொடாமல் அந்த ஐடிக்கு ஒரு நிழல் ஆப்ஜெக்டைத் தரும். ஃபாரின் கீ எழுத அந்த நிழலே போதும். அப்படி ஒரு கால்வாய் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பயனருக்கு நல்ல முறையில் சொல்ல வேண்டும் என்றால் ஃபைண்ட்-பை-ஐடி. உங்கள் செயலிக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரு செலக்ட் கூடுதலாக ஓடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேஸ்கேட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இதில் அடிபட்டவன். பல வருஷம் முன்பு ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் செயலி எழுதினேன். வாடிக்கையாளருக்கு பில்கள் என்று ஒன்-டு-மெனி, அதில் கேஸ்கேட் ஆல். பில்லிலிருந்து வாடிக்கையாளருக்கு மெனி-டு-ஒன், ஏதோ ஓர் எர்ரரை அடக்க அதிலும் கேஸ்கேட் ஆல் போட்டிருந்தேன். நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் கடைப் பையன் தவறாகப் போட்ட ஒரே ஒரு பில்லை அழித்தான். பில் போனது, அது பிடித்திருந்த வாடிக்கையாளர் போனார், அவர் பிடித்திருந்த அத்தனை பில்லும் போயின. முதலாளி போனில் 'தம்பி, அம்பாசமுத்திரத்துக்காரர் பாக்கியைக் காணலியே' என்றபோது எனக்குக் கையெல்லாம் குளிர்ந்துவிட்டது. முந்தைய நாள் ராத்திரி எடுத்த பேக்கப் இருந்தது. அன்றைய பில்களை மட்டும் கார்பன் நகல் பார்த்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்றினோம். அன்றிலிருந்து மெனி-டு-ஒன் பக்கம் நான் கேஸ்கேட் எழுதுவதே இல்லை.

கேஸ்கேட் என்பது ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாகத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போவது மாதிரி. மேலே செய்த செயல் கீழே பாயும். பாய வேண்டுமா என்பது இரண்டாவது கேள்விக்கு நீங்கள் எழுதிய விடையைப் பொறுத்தது. குளத்தின் பதிவை அழித்தால் மடையின் பதிவுக்கு அர்த்தம் இல்லை. அங்கே கேஸ்கேட் ஆல் சரி. கால்வாயின் பதிவை யாரோ தவறாக அழித்தால் குளங்கள் போகலாமா? கூடாது. அங்கே கேஸ்கேட் எதுவும் வேண்டாம். ஃபாரின் கீ கட்டுப்பாடே 'குளங்கள் இருக்கின்றன, அழிக்க முடியாது' என்று தடுக்கட்டும். அந்தத் தடுப்பு உங்களுக்கு நல்ல காவல்.

இதில் உங்கள் டிசைனில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. குளம் டேபிளிலேயே 'மறுகால் தண்ணீர் போகும் குளம்' என்று தன்னையே சுட்டும் ஒரு காலம் வைத்திருக்கிறீர்கள். மிக நல்ல யோசனை. நம் பக்கத்துக் குளங்கள் தொடர் தொடராகத்தான் இருக்கின்றன, பதிவேட்டில் அந்தத் தொடர் வந்தால்தான் வெள்ளக் காலத்தில் பயன்படும். ஆனால் அந்த மறுகால் காலத்தின் மேலும் கேஸ்கேட் ஆல் எழுதியிருக்கிறீர்கள். மேலக்குளத்தை அழித்தால் ஹைபர்நேட் அதன் கீழ்க்குளத்தை அழிக்கப் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு, இப்படித் தொடரின் கடைசிக் குளம் வரைக்கும் போகும். நடுவில் வேறொரு குளம் அதே கீழ்க்குளத்தைச் சுட்டியிருந்தால் ஃபாரின் கீ தடுத்து எல்லாம் திரும்பிவிடும். அது அதிர்ஷ்டம். நம்பி இருக்க முடியாது.

இனி திருத்தும்போது மடை இரட்டிப்பது. இதைப் புரிந்துகொள்ள சேவ் என்ற மெதட் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்பிரிங் டேட்டாவின் சேவ் முதலில் 'இது புதுசா?' என்று கேட்கும். வெர்ஷன் காலம் (இதைப் பிறகு சொல்கிறேன்) வைக்காத சாதாரண என்டிட்டியில், அதாவது டேபிளில் சேமிக்கப்படும் கிளாஸில், ஐடி காலியாக இருந்தால் புதுசு, புதிய வரி எழுதும் பெர்சிஸ்ட் ஓடும். ஐடி இருந்தால் மெர்ஜ் ஓடும். மெர்ஜ் என்பது, டேட்டாபேஸிலிருந்து அந்தக் குளத்தை எடுத்து, நீங்கள் கொடுத்ததில் உள்ளதை அதன் மேல் நகல் எடுப்பது. நீங்கள் கொடுத்த ஆப்ஜெக்ட் அப்படியே வெளியில்தான் நிற்கும். சேவ் திருப்பித் தருவதுதான் ஹைபர்நேட் கவனிக்கும் ஆப்ஜெக்ட். சேவ் கொடுத்த பிறகு பழைய ஆப்ஜெக்டிலேயே மாற்றம் செய்துவிட்டு 'ஏறவே இல்லை' என்று தேடுபவர்கள் நிறைய.

உங்கள் படிவம் மடைகளின் ஐடியைத் திருப்பி அனுப்பவில்லை, பெயரும் அகலமும் மட்டும் வருகிறது. ஐடி இல்லாத மூன்று மடை வந்தால் மெர்ஜ் அவற்றைப் புதிய மடைகள் என்றே எடுத்துக்கொள்ளும். பழைய மூன்றையும் நீக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூன்றும் மூன்றும் ஆறு.

ஆர்ஃபன் ரிமூவலை ட்ரூ என்று வைத்தால் பட்டியலில் இல்லாத பழையவை அழிக்கப்படும். ஹைபர்நேட் பின்பற்றும் பொது விதித்தொகுப்பான ஜேபிஏவில் 2009இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. கேஸ்கேட் ரிமூவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குளம் அழியும்போது மடையை அழிப்பது. இது குளம் இருக்கும்போதே பட்டியலிலிருந்து விலக்கிய மடையை அழிப்பது. மடைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய மூன்று மடையும் அழிந்து புதிய மூன்று பிறக்கும், ஐடி மாறிக்கொண்டே போகும். நாளைக்கு மடையோடு 'கடைசியாகப் பழுது பார்த்த நாள்' என்று ஒரு டேபிளைச் சேர்த்தால் எல்லாம் அறுந்துவிடும்.

எனவே திருத்தத்தை இப்படிச் செய்யுங்கள். படிவத்தில் ஒவ்வொரு மடைக்கும் அதன் ஐடி மறைவாகப் போய்த் திரும்பி வரட்டும். சர்வீஸ் மெதடில் டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்ற கட்டு) குளத்தை டேட்டாபேஸிலிருந்து எடுங்கள். வந்த பட்டியலில் ஐடி உள்ள மடையைப் பழைய மடையோடு பொருத்தி, மாறியதை மட்டும் மாற்றுங்கள். ஐடி இல்லாததை மடைசேர் வழியாகச் சேருங்கள். வராமல் போனதை மடைநீக்கு வழியாக நீக்குங்கள். அவ்வளவுதான். கடைசியில் சேவ்கூடத் தேவையில்லை. டிரான்சாக்ஷன் முடியும்போது எது மாறியது என்று ஹைபர்நேட் தானே பார்த்து எழுதும். பட்டியலையே தூக்கிவிட்டு புதிய பட்டியலை மட்டும் வைக்காதீர்கள். ஆர்ஃபன் ரிமூவல் உள்ள பட்டியலை மாற்றினால், தான் கவனித்துக்கொண்டிருந்த பட்டியலைக் காணவில்லை என்று ஹைபர்நேட் எர்ரர் கொடுக்கும்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. ஒரு குளத்தில் ஒரே எண்ணில் இரண்டு மடை வரக்கூடாது என்று யூனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள், சரிதான். யாராவது இரண்டாம் எண் மடையை நீக்கிவிட்டு அதே எண்ணில் புதிதாக ஒன்றை ஒரே சேவில் சேர்த்தால் கட்டுப்பாடு மீறியதாக எர்ரர் வரும். நீங்கள் எந்த வரிசையில் எழுதினாலும் ஹைபர்நேட் ஃப்ளஷ் செய்யும்போது (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது) இன்செர்ட்டுகளை முதலில் ஓட்டும், டெலீட்டுகளைக் கடைசியில் ஓட்டும். பழைய மடை போகும் முன்பே புதியது நுழையப் பார்க்கிறது. பழைய வரியையே திருத்திவிடுவது நல்லது. முடியாத இடத்தில் நீக்கிய பிறகு ஒரு ஃப்ளஷ் கொடுத்துவிட்டுச் சேருங்கள்.

டிரான்சாக்ஷன் என்றேன். அதற்கான அனோடேஷனைக் (மெதடின் மேல் எழுதும் குறிப்பு) கன்ட்ரோலரில் போடாமல் சர்வீஸ் மெதடில் போடுங்கள். இரண்டு விஷயத்தில் ஏமாறுவார்கள். ஒரே கிளாஸுக்குள் ஒரு மெதட் இன்னொன்றை அழைத்தால் அந்த இன்னொன்றின் மேல் இருக்கும் டிரான்சாக்ஷன் அனோடேஷன் வேலை செய்யாது, ஏனென்றால் டிரான்சாக்ஷனைத் தொடங்கும் இடையாளான ஸ்பிரிங்கின் ப்ராக்ஸியைத் தாண்டாமலே அழைப்பு போகிறது. மற்றது, ரன்டைம் எக்செப்ஷனோ எர்ரர் வகையோ வந்தால்தான் ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும் (செய்ததைத் திரும்பப் பெறும்). நீங்கள் குளத்தின் புகைப்படத்தையும் அதே மெதடில் சேமிக்கிறீர்கள். அங்கே ஐஓ எக்செப்ஷன் வந்து வெளியே போனால், அது செக்ட் வகை, பாதி வேலை அப்படியே கமிட் ஆகிவிடும். குளம் இருக்கும், படம் இருக்காது. ரோல்பேக்-ஃபார் என்று எல்லா எக்செப்ஷனையும் குறிப்பிடுங்கள்.

இன்னொரு குளம் இரண்டு இடத்திலிருந்து தண்ணீர் பெறுகிறதே, மெனி-டு-மெனி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். 'வரத்து' என்று ஒரு தனி என்டிட்டி வையுங்கள். குளம் ஒன்று, கால்வாய் ஒன்று, நடுவில் வரத்து. ஊரில் போய் விசாரித்தால் முதல் வாரத்திலேயே 'இந்த வரத்துக்கால் மண்மேவிக் கிடக்கு', 'இதில் மழைக்காலம் மட்டும்தான் தண்ணி' என்று சொல்வார்கள். அந்தச் செய்தியை எழுத மெனி-டு-மெனியின் நடு டேபிளில் இடம் இருக்காது. உறவுக்கே சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு கிளாஸ் கொடுத்துவிட வேண்டும். வரத்தின் உயிர் குளத்தோடு என்று வைத்து, குளத்திலிருந்து மட்டும் கேஸ்கேட் கொடுங்கள்.

படிப்பது பற்றிச் சுருக்கமாக. மெனி-டு-ஒன் சும்மா விட்டால் ஈகர் (கூடவே எடுத்துவிடும்), ஒன்-டு-மெனி சும்மா விட்டால் லேசி (கேட்கும்போது எடுக்கும்). மெனி-டு-ஒன் எல்லாவற்றையும் லேசி ஆக்கிவிடுங்கள். நூறு குளம் காட்டும் பக்கத்தில் ஒவ்வொரு குளத்துக்கும் மடைக்காகத் தனித்தனி செலக்ட் ஓடினால் நூற்றொரு க்வெரி ஆகும், அந்த இடத்துக்கு மட்டும் ஜாயின் ஃபெட்ச் (குளத்தையும் மடையையும் ஒரே க்வெரியில் எடுப்பது) எழுதுங்கள். அதோடு பக்கம் பக்கமாகப் பிரிப்பதைச் சேர்க்காதீர்கள், ஹைபர்நேட் எல்லா வரியையும் மெமரிக்கு ஏற்றிவிட்டுத்தான் வெட்டும். என்டிட்டியை அப்படியே ஜேசனாக அனுப்பினால் குளத்துக்குள் மடை, மடைக்குள் குளம் என்று முடிவில்லாமல் சுற்றும். அனுப்பத் தனி கிளாஸ் வையுங்கள். கெட்டர், செட்டர் போன்றவற்றைத் தானே எழுதித் தரும் லோம்போக்கின் டேட்டா அனோடேஷனை என்டிட்டி மேல் போட்டாலும் இதே சுற்றல் வரும்.

ஒரே குளத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்துவீர்கள் என்பதால் குளத்திலும் மடையிலும் வெர்ஷன் காலம் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏறும் எண்) ஒவ்வொன்று வையுங்கள். மடையை மட்டும் திருத்தினால் குளத்தின் எண் ஏறாது. அந்த எண்களும் படிவத்தோடு போய்த் திரும்பி வரட்டும். வந்த எண் டேட்டாபேஸில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் 'இதற்குள் வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று சொல்லித் திருத்தத்தை நிறுத்துங்கள். இல்லையென்றால் கடைசியாகச் சேவ் செய்தவர் முன்னவர் எழுதியதைச் சத்தமில்லாமல் மிதித்துவிடுவார். களத்தில் வெயிலில் நின்று மடை அகலத்தை அளந்து வந்த பிள்ளையின் உழைப்பு அது, போகக்கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மறுகால் காலத்தின் கேஸ்கேடை முதலில் எடுங்கள், அது இருக்கும் வரை யாரையும் டெலீட் பட்டனைத் தொட விடாதீர்கள். அப்புறம் எஸ்க்யூஎல் லாகைத் திறந்து வையுங்கள். வெறும் ஷோ-எஸ்க்யூஎல் போட்டால் மதிப்புகளின் இடத்தில் கேள்விக்குறிதான் தெரியும். ஸ்பிரிங் பூட் 3 என்றால் ஹைபர்நேட் 6, அதில் ஜேடிபிசி பைண்ட் லாகரை ட்ரேஸ் அளவுக்கு வைத்தால் உண்மையான மதிப்பு தெரியும். இரண்டு மடையோடு ஒரு குளத்தைப் பதியுங்கள். குளத்துக்கு ஓர் இன்செர்ட், மடைக்கு இரண்டு, மடை வரிகளில் குளம்_ஐடி நிரம்பியிருக்க வேண்டும், அப்டேட் ஒன்றுகூட வரக்கூடாது. அடுத்து அதே குளத்தில் ஒரு மடையின் அகலத்தை மட்டும் மாற்றிச் சேவ் செய்யுங்கள். மடைக்கு ஒரே ஓர் அப்டேட் வந்து, மடை டேபிளில் இன்செர்ட்டும் டெலீட்டும் இல்லாமல் இருந்தால் சரி. வேறு ஏதாவது வந்தால் அந்த லாகை அப்படியே அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.